சங்க காலத்தைத் தேடிய தபால் அதிகாரி

பழனி மலைமேல் நின்று தெற்கே பார்த்தால் நீல நிறத்தில் ஒரு பெரிய மலைத்தொடர் தெரியும். அதன் உச்சியில்தான் கொடைக்கானல் இருக்கிறது. முருகனைத் தரிசித்துவிட்டுப் படி இறங்கும் பக்தர்களில் பலருக்கு, இந்த மலைநாட்டைப் பேகன் என்ற வள்ளல் ஆண்டான் என்பது தெரிந்திருக்கும். குளிரால் நடுங்குகிறதென்று எண்ணி மயிலுக்குப் போர்வை அளித்தவன் அவன். பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்த கதைதான்.

பேகனைப் பற்றி இன்னொரு கதை உண்டு. அது பள்ளிப் பாடத்தில் வருவதில்லை. அவன் தன் மனைவியைப் பிரிந்து வேறொரு பெண்ணிடம் போய்விட்டான். மனைவியின் பெயர் கண்ணகி. சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு. அவள் வாசலில் நின்று அழுதாள். பரிசில் கேட்டு வந்த புலவர்கள் அதைப் பார்த்தார்கள். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு பெரும் புலவர்கள், ஒருவர் பின் ஒருவராக, அவனிடம் போய் முறையிட்டார்கள். "எனக்குப் பசியும் இல்லை, காப்பாற்ற வேண்டிய சுற்றமும் இல்லை. இன்று இரவே உன் வீட்டுக்குப் போ. அதுதான் நான் கேட்கும் பரிசு" என்ற கருத்தில் பரணர் பாடினார். பொன் வேண்டாம், தேரைப் பூட்டு, அவள் மறுபடியும் கூந்தலில் பூ வைக்கட்டும் என்பது அரிசில் கிழாரின் வேண்டுகோள். பழனி மலைக்குப் போன இந்தத் தூதுக் கவிகள் புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாட்டுகளில் இருக்கின்றன.

பாட்டில் வந்துவிட்டால் மட்டும் ஒருவன் சரித்திரத்தில் வந்துவிட மாட்டான். பேகன் உண்மையில் இருந்தானா? இருந்தால் எந்த நூற்றாண்டு? கரிகாலனுக்கு முன்னா, பின்னா? சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கேள்விகளைச் சேர்த்துக் கேட்டு, விடை தேடி, சங்க காலத் தமிழகத்தைப் பற்றி முழு அளவில் ஒரு சரித்திர நூலை ஆங்கிலத்தில் எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். கல்வெட்டு இலாகாவிலும் அவருக்கு வேலை இல்லை. அவர் தபால் சூப்பரின்டெண்டெண்ட். பெயர் வி. கனகசபைப் பிள்ளை.

மல்லாகத்துக் குடும்பம்

குடும்பம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். தகப்பனார் விசுவநாத பிள்ளை, யாழ்ப்பாணத்தில் மல்லாகம் என்ற ஊரைச் சேர்ந்தவர். அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தது ஓர் அகராதி.

அமெரிக்கப் பாதிரியார் மைரன் வின்சுலோ யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் இருந்தவர். பிறகு சென்னைக்கு மாறினார். தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் பேரகராதி ஒன்றை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். 1862-ல் வெளிவந்த அந்த அகராதியில் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. அவ்வளவையும் ஒரு வெள்ளைக்காரர் தனியாகத் திரட்டிவிட முடியுமா? நிகண்டும் இலக்கணமும் கற்ற தமிழர்கள் பக்கத்தில் அமர்ந்து உதவினார்கள். அவர்களில் ஒருவர் விசுவநாத பிள்ளை.

இங்கே கொடைக்கானலையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வின்சுலோ சேர்ந்திருந்த யாழ்ப்பாண அமெரிக்க மிஷனின் கிளையாகத்தான் 1834-ல் மதுரையில் மிஷன் தொடங்கியது. மதுரை வெயிலும் காய்ச்சலும் காலராவும் அந்தப் பாதிரிமார் குடும்பங்களை வாட்டின. குளிர்ந்த இடம் தேடிப் பழனி மலைமேல் ஏறி, 1845-ல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்கள் அவர்களே. கலெக்டர் லெவிஞ்சின் ஏரி வந்தது அதற்குப் பிறகு, 1863-ல். ஆக, கொடைக்கானலை ஓர் ஊராக்கிய மிஷனும், மல்லாகத்துத் தமிழரைச் சென்னையில் குடியேற்றிய மிஷனும் ஒரே வேரில் கிளைத்தவை.

கனகசபை 1855-ல் சென்னைக் கோமளேசுவரன்பேட்டையில் பிறந்தார். அந்த 1855-ஆம் ஆண்டைத் தமிழர்கள் மறக்கக்கூடாது. உ.வே. சாமிநாதையர் பிறந்ததும் அதே ஆண்டு. 'மனோன்மணீயம்' எழுதிய சுந்தரம் பிள்ளை பிறந்ததும் அதே ஆண்டுதான். ஒருவர் ஏடுகளை அச்சில் ஏற்றினார். ஒருவர் இலக்கியத்துக்குக் காலம் கணித்தார். மூன்றாமவர் அந்த இலக்கியத்திலிருந்து ஒரு நாட்டின் சரித்திரத்தை எடுத்தார். முதல் இருவருக்கும் சிலை உண்டு, விழா உண்டு. சுந்தரம் பிள்ளையின் பாட்டைத்தான் நாம் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடுகிறோம். மூன்றாமவர் பெயரைச் சொன்னால், "எந்தக் கனகசபை?" என்று கேட்கிறார்கள்.

அகராதி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லின் மேல் பற்று வந்ததில் வியப்பில்லை. ஒரு சொல்லை எடுத்தால் அது எங்கே வருகிறது, யார் எடுத்தாண்டார், என்ன பொருளில் ஆண்டார் என்று பார்க்காமல் அதை விடமாட்டார்கள் அகராதிக்காரர்கள். தகப்பனார் சொற்களுக்குச் செய்ததை மகன் அரசர்களுக்குச் செய்தார் என்று சொல்லலாம்.

வக்கீலும் தபாலும்

கனகசபைப் பிள்ளை பட்டம் பெற்றவர். சட்டமும் படித்தார். மதுரையில் சிறிது காலம் வக்கீலாக இருந்தார். ஆனால் அவர் வாழ்நாளின் பெரும் பகுதி தபால் இலாகாவில்தான் கழிந்தது.

அந்தக் காலத்துத் தபால் இலாகா எப்படி இருந்தது என்பதை இன்று கற்பனை செய்துபார்ப்பது கடினம். கால் அணாக் கார்டு வந்தது 1879-ல். மணியார்டர் தபால் இலாகாவின் கைக்கு வந்தது 1880-ல். தபாலாபீஸ் சேவிங்ஸ் பாங்க் தொடங்கியது 1882-ல். அவர் இளைஞராக இருந்தபோதுதான் இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதுவரை கடிதம் கொண்டுவந்த ஆள், இப்போது பணமும் கொண்டுவந்தான். ரங்கூனிலும் பினாங்கிலும் உழைப்பவனின் சம்பாத்தியம் கிராமத்துத் தாயின் கைக்குச் சேர்ந்தது. இன்று கைப்பேசியில் விரலால் தட்டினால் பணம் போகிறது. அன்று அதற்கு ஈட்டியும் சலங்கையும் வேண்டியிருந்தது. தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் சலங்கை கட்டிய ஈட்டியுடன், காட்டு வழியில் ஓடுவார் தபால் ஓட்டக்காரர். சலங்கைச் சத்தம் கேட்டால் ஜனங்கள் வழி விட்டு ஒதுங்குவார்கள்.

ரயில் வந்த பிறகும் மலைக்குக் கால்தான். அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோட்டில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து நடந்தோ, மட்டக்குதிரையிலோ, கூலிகள் சுமக்கும் டோலியிலோதான் கொடைக்கானல் போக முடியும். கனகசபைப் பிள்ளை காலம் முழுவதும் அந்த மலையில் மோட்டார் சாலை கிடையாது.

சூப்பரின்டெண்டெண்ட் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் உத்தியோகம் என்று நினைத்துவிடக் கூடாது. மாதத்தில் பல நாள் சுற்றுப்பயணம். ஊர் ஊராகத் தபாலாபீசுக்குப் போய்ப் பணத்தை எண்ண வேண்டும். ஸ்டாம்புகளைச் சரிபார்க்க வேண்டும். பை சரியான நேரத்துக்கு வந்ததா, முத்திரை உடையாமல் இருந்ததா என்று விசாரிக்க வேண்டும். விலாசதாரர் கிடைக்காத கடிதம் ஏன் திரும்பியது என்று கேட்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் மாலை வேளை அவருடையது.

அந்த மாலை வேளைகளில் அவர் ஏடு தேடினார். எந்த ஊருக்குப் போனாலும் பழைய புலவர் வீடு எது, மடம் எது, பரணில் சுவடி உண்டா என்று கேட்பது அவர் வழக்கம். கிடைத்த ஏடுகளைப் பெயர்த்தெழுதுவதற்கென்றே தம் சொந்தச் சம்பளத்திலிருந்து ஓர் ஆளை அமர்த்தியிருந்தார். அப்படிச் சேர்த்த சுவடிகளைப் பூட்டி வைத்துக்கொண்டவரும் அல்லர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதற்கு உதவியாகச் சாமிநாதையருக்கு அவற்றைத் தந்தார். ஏடு வைத்திருப்பவர்கள் அதைக் கண்ணில் காட்டவே மறுத்த காலம் அது. சாமிநாதையரின் சுயசரிதத்தைப் படித்தவர்களுக்கு, ஒரு சுவடிக்காக அவர் எத்தனை வாசல் ஏறி இறங்கினார் என்பது தெரியும். அப்படிப்பட்ட காலத்தில் கேட்காமலே கொடுக்கும் ஒரு தபால் அதிகாரி கிடைத்தது பெரிய பாக்கியம்.

பாட்டின் அடியில் விலாசம்

சங்க நூல்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக அச்சேறிக்கொண்டிருந்தன. கலித்தொகையைச் சி.வை. தாமோதரம் பிள்ளை 1887-ல் பதிப்பித்தார். அவரும் யாழ்ப்பாணத்தவரே. பத்துப்பாட்டு 1889-ல், சிலப்பதிகாரம் 1892-ல், புறநானூறு 1894-ல், மணிமேகலை 1898-ல் சாமிநாதையர் பதிப்பாக வந்தன. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு எல்லாம் ஏட்டிலேயே இருந்தன. கனகசபைப் பிள்ளை அச்சு நூல்களைக் காத்திருந்து வாங்கினார். அச்சில் வராதவற்றை ஏட்டிலேயே படித்தார்.

புறநானூற்றின் பெரும்பாலான பாடல்களின் அடியில் ஒரு சிறு குறிப்பு இருக்கும். இன்னாரை இன்னார் பாடியது என்று அது சொல்லும். தமிழ்ப் புலவர்கள் அதைத் தாண்டிப் போய்ப் பாட்டின் நயத்தை ரசித்தார்கள். கனகசபைப் பிள்ளை அந்தக் குறிப்பையே பிடித்துக்கொண்டார். அனுப்பியவர் யார், பெறுபவர் யார், எந்த ஊர் என்று பார்ப்பவர் அல்லவா அவர்! கபிலர் பாடிய அரசர்களும் பரணர் பாடிய அரசர்களும் ஒரு தலைமுறைக்குள் அடங்க வேண்டும். ஒரே போரை இரண்டு புலவர்கள் பாடினால் அவர்கள் சமகாலத்தவர். இப்படி நூல் கோப்பதுபோலப் பெயரோடு பெயரைக் கோத்துக்கொண்டு போனால், சேர சோழ பாண்டியர் வம்ச வரிசையும் குறுநில மன்னர்களின் காலமும் கிடைக்கின்றன.

நம் மலைநாட்டையே எடுத்துக்கொள்வோம். பேகன் ஆவியர் குடியில் வந்தவன். அந்தக் குடியின் ஊரான பொதினி அகநானூற்றின் முதல் பாட்டிலேயே வருகிறது. பொதினிதான் பழனி ஆயிற்று என்பது அறிஞர் கருத்து. மேலே மலையுச்சிப் பக்கம் போனால், கோடைமலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவன் என்பவன் இருக்கிறான். இந்தக் கோடைமலையைக் கொடைக்கானல் மலை என்றே ஆராய்ச்சியாளர்கள் கொள்கிறார்கள். பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் அவனிடம் போனார். அவன் பரிசில் தரத் தாமதித்தான். மூவேந்தரே ஆனாலும் அன்பில்லாமல் கொடுத்தால் நாங்கள் வாங்கமாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் சாத்தனார். பேகனுக்குக் கபிலரும் பரணரும் அறிவுரை சொல்லியிருக்கிறார்கள் என்றால், அவன் அந்த இருவர் காலத்தவன். பரணர் செங்குட்டுவனையும் பாடியிருக்கிறார். ஆகவே செங்குட்டுவனுக்குத் தேதி கிடைத்தால் பழனி மலைக்கும் தேதி கிடைத்துவிடும்.

செங்குட்டுவனுக்குத் தேதி எங்கிருந்து வரும்? அதற்குக் கனகசபைப் பிள்ளை இலங்கைக்குப் போனார். செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவில் இலங்கை அரசன் கயவாகுவும் இருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். இலங்கையின் மகாவம்சத்தில் கஜபாகு என்ற அரசன் இருக்கிறான். அவன் ஆட்சி கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. பூட்டுக்கும் சாவிக்கும் பொருந்திவிட்டது. இதிலிருந்துதான் சங்கப் புலவர்கள் ஏறக்குறைய கி.பி. 50 முதல் 150 வரை வாழ்ந்தவர்கள் என்று அவர் முடிவு கட்டினார்.

இந்த முடிவை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சிலப்பதிகாரம் மிகப் பிந்தியது, அதை வைத்துத் தேதி சொல்லக்கூடாது என்றார் வையாபுரிப் பிள்ளை. இலங்கையில் 12-ஆம் நூற்றாண்டில் இன்னொரு கஜபாகு இருந்தான் என்பதும் உண்மை. ஆனாலும் நீலகண்ட சாஸ்திரியார் உட்படப் பல சரித்திராசிரியர்கள் கஜபாகுவைக் கைவிடவில்லை. அன்று தொடங்கிய விவாதம் இன்னும் முடியவில்லை.

புத்தகம்

1889 முதலே கனகசபைப் பிள்ளை 'இந்தியன் ஆன்டிகுவரி' என்ற ஆராய்ச்சி இதழில் எழுதிக்கொண்டிருந்தார். களவழி நாற்பது, கலிங்கத்துப்பரணி, விக்கிரம சோழன் உலா ஆகியவற்றை அதில் ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார். பிறகு 1895 முதல் 1901 வரை 'மெட்ராஸ் ரெவ்யூ' இதழில் சங்க காலம் பற்றிக் கட்டுரைகள் வந்தன. அவற்றின் தொகுப்பே 1904-ல் ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட ஆங்கில நூல். '1800 ஆண்டுகளுக்கு முன் தமிழர்' என்று அதன் தலைப்புக்குப் பொருள்.

பதினாறு அத்தியாயங்கள். நாட்டின் எல்லை, கடல் வாணிகம், இனங்கள், மூவேந்தர், குறுநில மன்னர், சமூக வாழ்க்கை, திருக்குறள், இரட்டைக் காப்பியங்கள், புலவர்கள், தத்துவம், சமயம் என்று எல்லாம் உண்டு. வாணிகத்தைப் பற்றிய பகுதி இன்றும் சுவையாக இருக்கிறது. கிரேக்க மாலுமியின் பெரிப்புளூஸ் நூலையும், தாலமியின் பூகோளத்தையும், பிளினியையும் ஒரு பக்கம் வைக்கிறார். பட்டினப்பாலையையும் மதுரைக்காஞ்சியையும் மறுபக்கம் வைக்கிறார். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவதாக நம் பாட்டு சொல்கிறது. ரோமாபுரியின் பணம் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதென்று பிளினி அங்கே உட்கார்ந்து அழுகிறார். இரு பக்கக் கணக்கும் ஒத்துப்போகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. தமிழர்கள் மங்கோலிய இனத்தார், வங்காளத்துத் தாமிரலிப்தியிலிருந்து வந்தவர்கள், 'தமிழ்' என்ற பெயரே அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது என்று எழுதினார். இன்று அதை யாரும் ஏற்பதில்லை. சொல்லொலி ஒத்திருப்பதைக் கண்டு மயங்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சேரர் தலைநகரான வஞ்சியைக் கொச்சிக்குக் கிழக்கே உள்ள திருக்கரூர் என்று கொண்டார். அதுவும் நிற்கவில்லை. அமராவதிக்கரைக் கரூரே வஞ்சி என்ற கட்சிதான் இன்று பலமாக இருக்கிறது. ஆனால் சிந்துவெளி நாகரிகம் உலகுக்குத் தெரிந்தது 1924-ல். குகைகளில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை அவர் காலத்தில் படிக்கவே தெரியாது. கையில் இருந்த சாட்சியம் பாட்டுகளும் நான்கைந்து அயல்நாட்டு நூல்களும்தான்.

நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகள். 1906 பிப்ரவரியில் காஞ்சிபுரத்தில் கனகசபைப் பிள்ளை காலமானார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே, பென்ஷன் வாங்காமலே போய்விட்டார். வயது ஐம்பதுதான் ஆகியிருந்தது. சாமிநாதையர் 1942 வரை இருந்தார். அவருக்குக் கிடைத்த அந்த முப்பத்தாறு ஆண்டுகளில் பாதியாவது இவருக்குக் கிடைத்திருக்கலாகாதா! அகநானூறு முழுவதும் அச்சில் வந்ததைக் கூட அவர் பார்க்கவில்லை. அவருடைய நூலைப் பின்னாளில் கா. அப்பாத்துரையார் தமிழாக்கினார். தமிழ் தவிர வேறு மொழி அறியாத வாசகர்களும் அதன் மூலம் அந்த நூலைப் படிக்க முடிந்தது.

மண் சொன்ன சாட்சி

அவர் பாட்டிலிருந்து சொன்னதற்குக் கல்லிலிருந்து சாட்சி வர அறுபது ஆண்டுகள் ஆயின. கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலைக் குகையிலுள்ள கல்வெட்டுகளில் சேரர் மூன்று தலைமுறையின் பெயர்கள் இருப்பதை ஐராவதம் மகாதேவன் 1965-ல் படித்துக் காட்டினார். பதிற்றுப்பத்தில் உள்ள பெயர்களோடு அவை ஒத்துப்போயின. 1981-ல் திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரே கல்லில் கிடைத்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் கற்பனை மனிதன் அல்லன் என்பது உறுதியாயிற்று.

பேகனுக்கு இன்னும் அப்படி ஒரு கல் கிடைக்கவில்லை. ஆனால் பழனி மலைத்தொடர் சும்மா இருக்கவில்லை. செண்பகனூர் பாதிரியார்களான ஆங்லேடும் நியூட்டனும் மலைமேல் அலைந்து, கல்லால் கட்டிய பழங்கால ஈமச் சின்னங்களை வரைந்து அளந்தார்கள். தொல்பொருள் இலாகா அதை 1928-ல் நூலாக வெளியிட்டது. கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பாமல், தாண்டிக்குடிப் பக்கம் போய் அந்தக் கற்களையும் ஒரு தடவை பார்த்து வரலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி மலையடிவாரத்திலிருந்து வந்தது. பழனிக்குத் தென்மேற்கே 12 கிலோமீட்டரில் பொருந்தல் என்ற கிராமம். 2009-லும் 2010-லும் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே ஈமக்குழிகளைத் தோண்டினார். ஆயிரக்கணக்கில் மணிகள் கிடைத்தன. நான்கு கால் வைத்த ஒரு ஜாடி கிடைத்தது. அதற்குள் இரண்டு கிலோ நெல். செத்துப்போனவனுக்கு மறு உலகத்தில் பசிக்குமே என்று யாரோ வைத்த நெல். இன்னொரு மண்பொருளின் மேல் 'வ-ய்-ர' என்று தமிழ்ப் பிராமியில் எழுத்துகள்.

அந்த நெல்லை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். காலம் கி.மு. 490 என்று விடை வந்தது. எழுத்துக்கும் அதே காலம் சொல்லலாமா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. நெல்லைப் பற்றிச் சந்தேகம் குறைவு. தபால் அதிகாரி 1800 ஆண்டுகள் என்று எழுதியபோது, அது மிகை என்று புருவத்தை உயர்த்தியவர்கள் உண்டு. அவர் எழுதிய நாளிலிருந்து எண்ணினால் பொருந்தல் நெல்லின் வயது 2,390 ஆண்டுகளுக்கு மேல். பேகனின் பொதினியிலிருந்து காலையில் கிளம்பினால், அந்த நெல் கிடைத்த இடத்துக்கு மதியச் சாப்பாட்டுக்குள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம்.